வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வரலாமா? திரைக்கதை எழுத விரும்புபவரின் கேள்வி

உப்புக்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு முப்பத்தொரு வயதாகிறது. தூத்துக்குடியில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக வேலை செய்கிறேன். இதுவரை ஆறு சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் இரண்டு இணைய இதழ்களில் வெளிவந்தன.

திரைப்படத்துக்கான கதை ஒன்று நான்கு ஆண்டுகளாக மனத்தில் இருக்கிறது. உப்பளத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்த ஒரு பெண்ணுக்கு, வெயிலில் உப்பு வீசும் வெளிச்சத்தால் பார்வை மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வருகிறது. அது கங்காணிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் அவள் எல்லோரிடமிருந்தும் மறைக்கிறாள். என் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்தான். அதனால் இந்தக் கதையை வேறு யாரும் எழுதிவிடுவதற்கு முன் நான் எழுதிவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது.

வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் உதவி இயக்குநராகச் சேர்ந்தால்தான் வழி பிறக்கும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். மற்றொருவர், தமிழ்ச் சினிமாவில் யாரும் திரைக்கதையைப் படிப்பதில்லை, கதை சொல்லத் தெரிந்தால் போதும், எழுதி நேரத்தை வீணாக்காதே என்கிறார். இரண்டையும் கேட்டபின் என்ன செய்வதென்று தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடபழனிவாசி எழுதியது:

தம்பி, பதினேழு ஆண்டுகள் உதவி இயக்குநராகவும் இணை இயக்குநராகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் இரண்டு நண்பர்களும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முழுமை என்று எண்ணித்தான் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் பலர் தங்கள் முப்பதுகளைத் தொலைத்தார்கள்.

கதை சொல்லுதல் என்பது உண்மையிலேயே இங்கு பெரிய கலை. தயாரிப்பாளரோ நடிகரோ எதிரில் அமர்ந்திருக்க, இரண்டு மணி நேரம் ஒரு படத்தை வாயாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். இசை எங்கே எழும்பும், இடைவேளை எங்கே விழும் என்பதெல்லாம் குரலிலேயே தெரிய வேண்டும். இதில் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் தோற்றுப்போவதையும், சாதாரணக் கதையை வைத்திருப்பவர்கள் குரல் வளத்தால் வென்றுவிடுவதையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் சொல்லி முடித்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதை உங்கள் நண்பர் சொல்லவில்லை. கதை பிடித்துவிட்டால் உடனே 'பவுண்ட் ஸ்கிரிப்ட் இருக்கிறதா?' என்று, அதாவது முழுவதும் எழுதிக் கட்டிய திரைக்கதைப் பிரதி இருக்கிறதா என்று கேட்பார்கள். எத்தனை இடங்களில் படப்பிடிப்பு, எந்த நடிகருக்கு எத்தனை நாள் வேலை, எத்தனை இரவுக் காட்சிகள் என்று கணக்கிட்டால்தான் பட்ஜெட் போட முடியும். அதற்குக் காகிதம் வேண்டும். நிறுவனமாக இயங்கும் தயாரிப்பாளர்களும் ஓடிடி தளங்களும் பெரும்பாலும் எழுதிய பிரதியைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லிய கதைக்கும் எழுதிய கதைக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. சொல்லும்போது ஓட்டையை உற்சாகத்தால் மூடிவிடலாம். எழுதும்போது அந்த ஓட்டை உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

எழுத்தாளனுக்கு இங்கே மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜெமினி ஸ்டூடியோவில் கதை இலாகா என்று தனியாக ஒரு துறையே இருந்தது. 1942-இல் வந்த 'கண்ணகி'க்கு இளங்கோவன் எழுதிய வசனத்தையும், 1952-இல் வந்த 'பராசக்தி'க்குக் கருணாநிதி எழுதிய வசனத்தையும் கேட்பதற்காகவே மக்கள் கொட்டகைக்குப் போனார்கள். பிற்பாடு கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் ஆகிய நான்கும் ஒரே பெயரின்கீழ் வரத் தொடங்கியபோது, தனி எழுத்தாளனுக்கான நாற்காலி மெல்லப் பின்னுக்குப் போனது. இப்போது தொடர்களின் வரவால் அது கொஞ்சம் முன்னால் வருகிறது. 2022-இல் வந்த 'சுழல்' தொடரை உருவாக்கி எழுதியவர்கள் புஷ்கர்–காயத்ரி. இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும்.

வேலையைப் பற்றிய கேள்விக்கு என் பதில்: விடாதீர்கள். உதவி இயக்குநரின் சம்பளம் மாதா மாதம் வருவதில்லை. படம் நின்றால் அதுவும் நிற்கும். படப்பிடிப்பு நடக்கும் மாதங்களில் எழுத நேரம் கிடைக்காது. நடக்காத மாதங்களில் வாடகைக் கவலை எழுத விடாது. இயக்குநராக வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் ஒரு கட்டத்தில் படப்பிடிப்புத் தளத்தைப் பார்த்தே ஆக வேண்டும். எழுத வேண்டும் என்பதுதான் ஆசையானால், அதற்குத் தேவையானது விடியற்காலையில் ஒன்றரை மணி நேரமும் ஒரு மேசையும்தான். அவை தூத்துக்குடியிலேயே கிடைக்கின்றன. பிரதியை முடித்த பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்கு வாருங்கள்.

மரநிழல் எழுதியது:

நான் சினிமாவில் வேலை செய்தவள் அல்ல, சிறுகதை எழுதுபவள். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு சொல் என்னை உறுத்தியது. 'வேறு யாரும் எழுதிவிடுவதற்கு முன்' என்கிறீர்கள். உப்பளத்துப் பெண்ணின் கதையை நாளைக்கே நான்கு பேர் எழுதலாம். அம்மா மாலையில் வீடு திரும்பியதும் முதலில் எதைச் செய்தார், கால் வெடிப்புக்கு எதைத் தடவினார், எந்த நாளில் மட்டும் பேசாமல் இருந்தார் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே அவசரப்படத் தேவையில்லை. தெரிந்ததை மறப்பதற்கு முன் குறித்து வைத்துக்கொள்வதில் மட்டும் அவசரம் காட்டுங்கள்.

வாழ்ந்ததை எழுதியவர்கள் இந்த மொழியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், காவல் நிலையத்தில் தான் பட்ட வதையை 'லாக்கப்' என்ற நூலாக எழுதினார். அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது. பின்னர் ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. சந்திரகுமார் அதைப் படமாக்க வேண்டும் என்று திட்டமிட்டு எழுதவில்லை. நூலாகவே அதற்கு வலு இருந்தது. பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்த நாவல். அதைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' 2019-இல் வந்தது. இடையில் முப்பத்தேழு ஆண்டுகள். அந்த நாவல் அத்தனை காலமும் வாசகர்களிடம் உயிரோடு இருந்தது என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

எனவே உங்கள் கதையை முதலில் குறுநாவலாக எழுதிப் பார்ப்பது பற்றியும் யோசியுங்கள். திரைக்கதை என்பது இன்னொருவரின் பணமும் இன்னொருவரின் விருப்பமும் சேர்ந்தால்தான் முழு உருப்பெறும். குறுநாவல் நீங்கள் கடைசி வரியை எழுதியதும் முழுமையாகிவிடும்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு மிகவும் பயன்பட்டது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படித்துவிட்டு, அதை அடியொற்றி மகேந்திரன் 1979-இல் எடுத்த 'உதிரிப்பூக்க'ளைப் பாருங்கள். தாயை இழந்த குழந்தைகளையும் அவர்களுக்கு வாய்க்கும் சிற்றன்னையையும் சுற்றி நடக்கும் கதை, படத்தில் ஒரு கொடிய கணவனின் வீழ்ச்சியாக மாறி, ஊரே கூடி அவனை ஆற்றில் இறங்க வைப்பதில் முடிகிறது. கதையில் எது விடப்பட்டது, எது சேர்க்கப்பட்டது, ஏன் அப்படிச் செய்தார் என்று பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். பாலு மகேந்திரா தொலைக்காட்சிக்காகச் செய்த 'கதை நேரம்' தொடரும் தமிழ்ச் சிறுகதைகளை எடுத்துக்கொண்டதுதான். கதையைத் தேடிப் படித்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. திருப்பி அனுப்பப்படுவதற்குப் பழகிக்கொள்ளுங்கள். என் முதல் கதை அச்சாவதற்கு முன் பதினொரு கதைகள் திரும்பி வந்தன. அவற்றை இப்போது படித்தால், ஒன்பது கதைகளைத் திருப்பியது சரி என்றே தோன்றுகிறது. மீதி இரண்டையும் திருத்தி வேறு இதழ்களில் வெளியிட்டேன்.

சட்டவாசகன் எழுதியது:

நான் வழக்கறிஞர். 'கதையைத் திருடிவிடுவார்களோ' என்ற அச்சம் எழுதத் தொடங்கும் எல்லோருக்கும் இருக்கும் என்பதால், கேட்கப்படாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பை எழுதிய கணமே அதன் உரிமை எழுதியவருக்கு உண்டாகிவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் தகராறு வந்தால் எந்தத் தேதியில் அது உங்கள் கையில் இருந்தது என்று காட்ட அது பெரிதும் உதவும். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம் இருக்கிறது. மும்பையில் உள்ள எழுத்தாளர் சங்கமும் உறுப்பினர்களின் கதைகளைப் பதிவு செய்கிறது. 2018-இல் 'சர்கார்' படம் வெளிவருவதற்கு முன் எழுந்த தகராறில், சென்னைச் சங்கத்தில் ஒருவர் 2007-இலேயே பதிவு செய்து வைத்திருந்த கதைதான் பேச்சின் மையமாக இருந்தது. உயர் நீதிமன்றத்தில் அது சமரசத்தில் முடிந்தது.

இதைவிட முக்கியமான ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் எண்ணத்தைக் காப்பதில்லை. எழுதப்பட்ட வடிவத்தைத்தான் காக்கிறது. ஆர். ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் தம் நாடகத்தை ஒரு திரைப்பட இயக்குநருக்கு நேரில் சொல்லிக்காட்டினார். 1956-இல் அந்த இயக்குநரின் படம் வந்தபோது தம் நாடகத்தைத் திருடிவிட்டதாக வழக்குத் தொடுத்தார். 1978-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மையக் கருத்து ஒன்றாக இருந்தாலும் அதை வளர்த்துச் சென்ற முறை வேறாக இருந்தது என்பதே காரணம். ஆகவே 'கண் தெரியாத உப்பளத் தொழிலாளி' என்ற ஒன்லைனை, அதாவது ஒரு வரிக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால் சட்டத்தால் உங்களுக்கு அதிகம் உதவ முடியாது. எண்பது காட்சிகளாக எழுதி வைத்திருந்தால், அந்த எண்பது காட்சிகளும் உங்களுக்காகச் சாட்சி சொல்லும்.

ஒப்பந்தம் என்று வந்தால் எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதீர்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எந்த உரிமை, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிட வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். உங்கள் பெயரைக் கோரும் உரிமையோ, உரிமையை விற்ற பிறகும் உங்களிடமே இருக்கும். அது 57-ஆம் பிரிவு.

வடபழனிவாசி எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொன்னதை இருபது ஆண்டுகளுக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஒரு கதையைக் காப்பாற்றியிருப்பேன். ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் கதை விவாதத்தில் உட்கார்ந்தேன். என் காட்சிகள் பத்துக்கு மேல் படத்தில் வந்தன. டைட்டிலில் பெயர் வரவில்லை. என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. தம்பி, விவாதத்துக்குப் போய்த் திரும்பும் ஒவ்வோர் இரவும், அன்று நீங்கள் சொன்னவற்றை மின்னஞ்சலில் எழுதி அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். மரியாதையான கடிதமாகவே இருக்கட்டும்.

உப்புக்காற்று எழுதியது (மூன்று வாரங்களுக்குப் பின்):

அண்ணாவுக்கும் அக்காவுக்கும் வழக்கறிஞர் ஐயாவுக்கும் நன்றி. வேலையை விடவில்லை. காலை நாலரை மணிக்கு எழுந்து எழுதுகிறேன். இதுவரை ஒன்பது காட்சிகள் வந்திருக்கின்றன. நான்காம் காட்சியை இங்கே இடுகிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

காட்சி 4. வெளி. உப்பளம். அதிகாலை.
அம்மா வரப்பில் நடந்து வருகிறாள். முப்பது ஆண்டுகளின் களைப்பு அவள் மனத்தில் அலைமோதுகிறது. இன்னும் எத்தனை நாள் மறைக்க முடியும் என்று எண்ணுகிறாள்.
தோழி: என்னக்கா, ஒரு மாதிரியா இருக்கீய?
அம்மா: எனக்குக் கண்ணு சரியாத் தெரியல புள்ள. யார்கிட்டயும் சொல்லிராத.

வடபழனிவாசி எழுதியது:

எழுதத் தொடங்கியதற்கு மகிழ்ச்சி. இப்போது குறைகள்.

'அலைமோதுகிறது', 'எண்ணுகிறாள்' என்ற இரண்டு சொற்களையும் அடித்துவிடுங்கள். ஒளிப்பதிவாளர் அவற்றை எங்கே வைத்து எடுப்பார்? நடிப்பவர் 'முப்பது ஆண்டுகளின் களைப்பை' எந்த அசைவாகச் செய்வார்? சிறுகதையில் இந்த வரிகளுக்கு இடமுண்டு. திரைக்கதையில் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டுமே எழுத முடியும். இந்தக் கட்டுப்பாடுதான் திரைக்கதையின் பெரிய சுகம் என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர ஒரு பொருளையோ ஓசையையோ தேடித் தேடி, சில நேரம் ஒரு வாரம் கழித்து அது அகப்படும்போது கிடைக்கும் நிறைவு வேறெதிலும் இல்லை.

அடுத்தது, இதைவிடப் பெரிய குறை. மறைப்பதுதான் உங்கள் கதை. அவளோ நான்காம் காட்சியிலேயே தன் வாயால் சொல்லிவிட்டாள். இனி நான் எதற்காக அவளைக் கவனிக்க வேண்டும்? அவளுக்குப் பார்வை குறைகிறது என்பது பார்வையாளனுக்கு மட்டும் மெல்லத் தெரிந்து, உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், அவள் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் திரையரங்கில் இருப்பவன் பதறுவான். தோழியிடம் உண்மையைச் சொல்லும் அந்த ஒரு வரியை இடைவேளை வரை பூட்டி வையுங்கள்.

அம்மாவிடம் கேளுங்கள்: இருட்டில் வரப்பில் நடக்கும்போது எதை வைத்து வழி கண்டுபிடிப்பார்கள்?

மரநிழல் எழுதியது:

தோழியின் பேச்சு அருமையாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'இருக்கீய' என்ற ஒரு சொல்லில் ஊர் வந்துவிட்டது. திருத்தும்போது அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

எழுத்துருக்காரன் எழுதியது:

இடையில் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கதை வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் மட்டும் எழுதுங்கள், அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பெங்களூரில் உருவான 'ஸ்கிரைட்' என்ற மென்பொருள் தமிழிலேயே திரைக்கதை எழுத உதவுகிறது. 'ஒரு பக்கம் ஒரு நிமிடம்' என்ற கணக்கு ஆங்கில எழுத்துருவையும் அவர்களது பக்க அமைப்பையும் வைத்து வந்தது; தமிழில் அது பொருந்தாது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்க வாசித்து நேரம் பாருங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'முன்னால போறவ கொலுசுச் சத்தத்தப் பிடிச்சிக்கிட்டே போவேன்' என்றார்கள். நான்கு ஆண்டுகளாக இந்தக் கதையைச் சுமக்கிறேன். இதை ஒருநாளும் கேட்கவில்லை. காட்சியைத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

காட்சி 4. வெளி. உப்பளம். விடிவதற்கு முன்.
நான்கு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வரப்பில் நடக்கிறார்கள். கடைசியாக அம்மா. முன்னால் போகும் தோழியின் கொலுசு ஒலிக்கும்போதெல்லாம் அம்மாவின் கால் விழுகிறது. தோழி நிற்கிறாள். கொலுசு நிற்கிறது. அம்மாவும் நிற்கிறாள்.
தோழி குனிந்து கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகுகிறாள். பெண்கள் மறுபடி நடக்கிறார்கள். இப்போது ஓசை இல்லை. அம்மா நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.
தோழி (தொலைவிலிருந்து): என்னக்கா, வரலியா?
அம்மா: நீ போ புள்ள. செருப்பு வாரு அந்து போச்சு.
அம்மாவின் கால்கள். வெறுங்கால்கள்.

வடபழனிவாசி எழுதியது:

தம்பி, இரண்டு முறை படித்தேன். இதைப் படிப்பவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. 'கண்' என்ற சொல்லே காட்சியில் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. தோழி திரும்பி அந்தக் கால்களைப் பார்த்தாளா?

உப்புக்காற்று எழுதியது:

நேற்று இரவு முழுவதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அண்ணா. பார்க்கவில்லை என்றால் ஐந்தாம் காட்சி நான் எழுதி வைத்திருப்பதுபோலவே இருக்கலாம். பார்த்துவிட்டாள் என்றால், அவளும் அன்றிலிருந்து ஒன்றை மறைக்கத் தொடங்குகிறாள். மறுநாள் அவள் கொலுசைக் கழற்ற மாட்டாள். அப்படியானால் ஐந்திலிருந்து ஒன்பது வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். நாளைக் காலை நாலரைக்கு ஐந்தாம் காட்சியிலிருந்து தொடங்குகிறேன்.